ஈஎஸ்சி வாங்கும் முன்

மோட்டார் வந்துவிட்டது, ப்ரொப்பெல்லர் வந்துவிட்டது, ரிமோட் விமானத்தின் இறக்கையும் உடலும் ஒட்டிக் காய்ந்து தயாராக இருக்கின்றன. அடுத்தது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி. பலர் கடையில் போய், "அண்ணா, ஒரு முப்பது ஆம்ப் ஈஎஸ்சி குடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஓடவும் செய்யும். ஓடாத நாளில்தான் அந்த முப்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கடைக்குப் போகும் முன்பே கேட்டுவிடுவோம்.

ஈஎஸ்சி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹீட் ஷ்ரிங்க் உறை போட்ட ஒரு சின்னப் பலகை. ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர்கள், அவை பேட்டரிக்கு. எதிர்ப்பக்கத்தில் மூன்று வயர்கள், அவை மோட்டாருக்கு. இவை தவிர, சர்வோவில் இருப்பது போலவே மூன்று இழை சேர்ந்த மெல்லிய வயர் ஒன்று இருக்கும். அது ரிசீவரின் த்ராட்டில் சேனலில் செருகுவதற்கு. இந்த மெல்லிய வயரில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நீங்கள் ட்ரான்ஸ்மிட்டரில் குச்சியை நகர்த்தும் கட்டளை ரிசீவரிலிருந்து ஈஎஸ்சிக்குப் போகிறது. ரிசீவரும் சர்வோக்களும் இயங்கத் தேவையான 5 வோல்ட் மின்சாரம் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வருகிறது. இந்த 5 வோல்ட்டைத் தரும் பகுதிக்குப் பெக் என்று பெயர்.

வாங்குகிறவர்கள் தடித்த வயர்களின் வேலையை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் பறக்கும்போது மோட்டார் நின்றுபோனால் விமானம் சறுக்கி இறங்கும். எலிவேட்டரும் ரட்டரும் உங்கள் பேச்சைக் கேட்கும், வயலிலோ தரிசிலோ மெதுவாக வைத்துவிடலாம். பெக் நின்றுபோனால் எதுவுமே உங்கள் பேச்சைக் கேட்காது. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஆம்பியர் கணக்கை விடப் பெக்கைப் பற்றிக் கூடுதலாகவே சொல்லப்போகிறேன். முதலில் ஆம்பியரை முடித்துவிடுவோம்.

ஆம்பியரைத் தீர்மானிப்பது ப்ரொப்பெல்லர்

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "என் மோட்டார் 13 ஆம்ப்தான் தாங்கும். 30 ஆம்ப் ஈஎஸ்சி போட்டால் எரிந்துவிடாதா?" எரியாது. 30 என்பது ஈஎஸ்சி தாங்கக்கூடிய அளவு. அது மோட்டாருக்குள் திணிக்கும் அளவு இல்லை. எவ்வளவு மின்சாரம் இழுக்கப்படும் என்பதை பேட்டரியின் வோல்ட்டேஜ், மோட்டாரின் கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று), ப்ரொப்பெல்லரின் விட்டமும் பிட்ச்சும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றில் நாம் அடிக்கடி மாற்றுவது ப்ரொப்பெல்லரைத்தான். தரையில் மோதி உடைவதும் அதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஃபோம் போர்டில் செய்த பயிற்சி விமானம், எடை ஏறக்குறைய 900 கிராம். ஏ2212 வகை 1000 கேவி மோட்டார், 10×4.5 ப்ரொப்பெல்லர், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, நான்கு எஸ்ஜி90 சர்வோ. கல்லூரி மாணவர்கள் முதல் விமானத்துக்கு அதிகம் வாங்குவது இந்தக் கூட்டணியைத்தான். பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் வரை இருந்தால் நன்றாகப் பறக்கும். 900 கிராமுக்கு 135 முதல் 180 வாட். 3எஸ் பேட்டரி சுமை ஏறியதும் 11 வோல்ட் அளவில் நிற்கும். வகுத்தால் 12 முதல் 16 ஆம்பியர் வருகிறது. வாங்கும் முன் காகிதத்தில் போட வேண்டிய கணக்கு இவ்வளவுதான்.

காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். வாட் மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் காட்டும். நண்பரின் ஈஎஸ்சியைக் கடன் வாங்கியாவது அளந்துவிடுங்கள். விமானத்தை மேசையில் இறுகக் கட்டி, ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் முழு த்ராட்டில் கொடுக்க வேண்டும். பத்து விநாடி போதும். மேலே சொன்ன கூட்டணியை நான் அளந்தபோது மீட்டர் முதலில் 13-ஐத் தொட்டது. பேட்டரியின் வோல்ட்டேஜ் சற்று இறங்கியதும் 12.3-இல் நின்றது. அந்த மோட்டாரின் உச்ச வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான், அதுவும் ஒரு நிமிடம் வரைதான். இதற்கு மேல் பெரிய ப்ரொப்பெல்லருக்கு இடமில்லை என்பதையும் அதே மீட்டர் சொல்லிவிட்டது. பறக்கும்போது காற்று எதிரே வருவதால் ப்ரொப்பெல்லரின் சுமை பெரும்பாலும் குறையும். தரையில் அளந்த ஆம்பியரையே உச்சமாக வைத்துக்கொள்ளலாம்.

அளந்த எண்ணோடு பாதியைக் கூட்டுங்கள். 13-க்கு 20 வருகிறது. 20 ஆம்ப் ஈஎஸ்சி போதும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 30 வாங்குங்கள். சில கிராம் எடை கூடும், ஈஎஸ்சி குளுமையாக ஓடும். ஆனால் உறையில் இருக்கும் எண் எந்த எண் என்று பார்த்து வாங்க வேண்டும். தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு ஒன்று, பத்து விநாடி தாங்கும் அளவு வேறொன்று. மலிவான சரக்கில் சிலர் இரண்டாவதையே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் இரண்டும் தனித்தனியாகப் போட்டிருந்தால் அதை நம்பலாம். கையேடே கிடைக்காத ஈஎஸ்சியில் போட்டிருக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

ப்ரொப்பெல்லரை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வேகத்தில் சுழலும்போது ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. 9 அங்குலத்திலிருந்து 10-க்குப் போனால் பார்வைக்கு ஒரே ஓர் அங்குலம்; சக்தியோ ஒன்றரை மடங்கு. சுமை ஏறியதும் மோட்டாரின் வேகம் கொஞ்சம் குறைவதால் நிஜத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் கணிசமாக ஏறும். பேட்டரியை 3எஸ்-லிருந்து 4எஸ்-க்கு மாற்றுவது இதைவிட ஆபத்து. சுழலும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆம்பியர் 1.8 மடங்கை நெருங்கும். 13 இருந்த இடத்தில் 23 வரும். 30 ஆம்ப் ஈஎஸ்சி தாங்கிவிடும், மோட்டார் தாங்காது.

பாதி த்ராட்டிலும் சூடுதான்

"நான் முழு த்ராட்டில் கொடுப்பதே இல்லை, அதனால் சின்ன ஈஎஸ்சி போதும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது தவறான கணக்கு. ஈஎஸ்சிக்குள் இருப்பவை மாஸ்ஃபெட் என்னும் மின்ஸ்விட்ச்கள். த்ராட்டிலைக் குறைத்தால் அவை மின்சாரத்தை மெல்லியதாக ஆக்குவதில்லை. விநாடிக்குப் பல்லாயிரம் முறை போட்டுப் போட்டு அணைக்கின்றன. முழு த்ராட்டிலில் அந்தத் துண்டிப்பு இல்லை. பாதி, முக்கால் த்ராட்டிலில் ஒவ்வொரு முறை போட்டு அணைக்கும்போதும் கொஞ்சம் சூடு பிறக்கிறது. அணைந்திருக்கும் நொடித்துளியில் மோட்டாரின் சுருளுக்குள் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்த வழியிலும் சூடு. வாட் மீட்டரில் ஆம்பியர் குறைவாகத் தெரியும். ஈஎஸ்சி மட்டும் எதிர்பார்த்த அளவு குளிர்ந்திருக்காது. முழு த்ராட்டிலுக்கு உரிய ஈஎஸ்சியை வாங்கிவிட்டு நிதானமாகப் பறப்பது நல்லது. நிதானமாகப் பறப்பதை நம்பிச் சிறியதை வாங்கக் கூடாது.

பெக்: விமானத்தின் உயிர்

பெக்கில் இரண்டு வகை. லீனியர் பெக் மிச்சமான வோல்ட்டேஜைச் சூடாகக் கரைத்துவிட்டு 5 வோல்ட்டை மட்டும் தரும். ஸ்விட்ச்சிங் பெக் துண்டு துண்டாக எடுத்துச் சராசரியாக்கித் தரும், வீணாவது குறைவு. பெட்டியின் மேல் இரண்டுக்குமே "பெக் 5 வோல்ட் 3 ஆம்ப்" என்றுதான் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தவன் நான்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தரிசு நிலம். சித்திரை மாதம், மாலை நாலு மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. ஃப்ளாப் வைத்த விமானம். சர்வோ மொத்தம் ஆறு. பேட்டரி 4எஸ். ஈஎஸ்சியின் உறையில் "2 முதல் 4எஸ்" என்று போட்டிருந்தது, பெக் 3 ஆம்ப். மோட்டாரின் ஆம்பியரை அளந்திருந்தேன், அதில் குறையில்லை. நான்காவது நிமிடம் திருப்பத்தில் இருந்த விமானம் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. குச்சியை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினேன். வட்டம் இறுகியதே தவிர நிமிரவில்லை. கிட்டத்தட்ட மூன்று விநாடி. ஓடிப்போய் எடுத்தபோது பேட்டரி நன்றாக இருந்தது, மோட்டார் நன்றாக இருந்தது. ஈஎஸ்சியில் விரல் வைக்க முடியவில்லை. ரிசீவரின் விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது. ஐந்து நிமிடம் நிழலில் வைத்ததும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. சூடேறிய பெக் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் நடந்தது புரியும். பறக்கும்போது 4எஸ் பேட்டரி ஏறக்குறைய 15 வோல்ட். லீனியர் பெக் தருவது 5. கரைக்க வேண்டியது 10. ஆறு சர்வோக்கள் சராசரியாக 1 ஆம்பியர் எடுத்தால் 10 வாட் சூடு. நம் மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் ஏறக்குறைய பாதியை ஹீட் ஷ்ரிங்க்குக்குள் சுருட்டி, அதைக் காற்றே போகாத உடலுக்குள் வைத்த கதை. அதே பெக்கில் 3எஸ் பேட்டரியும் நான்கு சின்ன சர்வோக்களும் என்றால் அரை ஆம்பியர், ஆறரை வோல்ட், மூன்று வாட்டைச் சற்றுத் தாண்டும். அதைத் தாங்கும். நல்ல கையேடுகளில் ஓர் அட்டவணை இருக்கும்: இத்தனை செல்லுக்கு இத்தனை சர்வோ என்று. செல் கூடக்கூட சர்வோவின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். லீனியர் பெக்கின் அடையாளமே அந்த அட்டவணைதான். அன்று அதை நான் படிக்கவில்லை.

ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறை இது. 3எஸ் வரை, 9 கிராம் வகை சர்வோ நான்கு வரை என்றால் லீனியர் பெக் போதும். சர்வோ அதைத் தாண்டினாலோ, உலோகப் பல்சக்கரம் உள்ள பெரிய சர்வோ போட்டாலோ, பேட்டரி 4எஸ் ஆனாலோ ஸ்விட்ச்சிங் பெக்தான். 6எஸ்-க்கு மேற்பட்ட ஈஎஸ்சி பலவற்றில் பெக்கே இருக்காது. ஆப்டோ என்று எழுதியிருந்தால் அதைத்தான் குறிக்கிறது. அதற்குத் தனி பெக் அல்லது ரிசீவருக்கென்று தனி பேட்டரி தேவை. இது தெரியாமல் ஆப்டோ வாங்கி வந்து, "ரிசீவரில் விளக்கே எரியலை, டூப்ளிகேட் கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தனி பெக் வைத்தால் ஈஎஸ்சியில் இருக்கும் பெக்கை விலக்கிவிட வேண்டும். மெல்லிய வயரின் பிளக்கில் நடுவில் இருப்பது சிவப்பு. அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் நாக்கு போல ஒன்று தெரியும். ஊசிமுனையால் அதை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிவப்பு வயரை இழுத்தால் பின் அப்படியே வெளியே வந்துவிடும். அதை மடித்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். வெட்ட வேண்டாம், பின்னால் தேவைப்படலாம். இரண்டு மோட்டார், இரண்டு ஈஎஸ்சி உள்ள விமானத்திலும் ஒன்றின் சிவப்பை இப்படி எடுத்துவிடுவது வழக்கம். இரண்டு ஸ்விட்ச்சிங் பெக்குகள் ஒரே ரிசீவருக்கு ஊட்டினால் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும்.

பெக்கின் மீதான சுமை சர்வோவின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. எஸ்ஜி90 சும்மா இருக்கும்போது சில மில்லிஆம்பியர்தான் எடுக்கும். அசைய முடியாமல் முட்டி நின்றால் அரை ஆம்பியரைத் தாண்டிவிடும். புஷ்ராட் வளைந்தோ ஹிஞ்ச் இறுகியோ ஒரு சர்வோ எப்போதும் முனகிக்கொண்டே இருந்தால், மற்ற மூன்றும் எடுப்பதை விட அதிகமாக அது ஒன்றே எடுக்கும். சோதிப்பது எளிது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் மல்ட்டிமீட்டரை வைத்து, இரண்டு குச்சிகளையும் இரண்டு நிமிடம் விடாமல் சுழற்றுங்கள். வோல்ட்டேஜ் 4.8-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். போனால், அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள்.

ட்ரோன் ஈஎஸ்சியை விமானத்தில் போடலாமா

நான்கு மோட்டார் ட்ரோனுக்கென்று வரும் ஈஎஸ்சி சில சமயம் மலிவாகக் கிடைக்கும். மோட்டார் ஓடும். ஆனால் பலவற்றில் பெக் இருக்காது. பேட்டரி இறங்கும்போது மோட்டாரை நிறுத்தும் லோ வோல்ட்டேஜ் கட்ஆஃபும் இருக்காது. பறந்துகொண்டிருக்கும் ட்ரோனில் ஒரு மோட்டாரை நிறுத்தினால் மொத்தமும் கீழே வந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். விமானத்தில் அதைப் போட்டால், செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகும்வரை நீங்கள் பறந்துகொண்டே இருப்பீர்கள். லைப்போ உப்பிப்போகும். த்ராட்டிலை இறக்கியதும் ப்ரொப்பெல்லரைச் சுழலாமல் நிறுத்தும் பிரேக் வசதியும் எல்லாவற்றிலும் இருக்காது. விமானத்துக்கு விமான ஈஎஸ்சியையே வாங்குங்கள்.

வயர், காற்று

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடையே வயர் எட்டாவிட்டால் எந்தப் பக்கத்து வயரை நீட்டுவது? மோட்டார் பக்கத்து மூன்றையும் நீட்டுங்கள். பேட்டரிப் பக்கத்து வயர் நீண்டால், ஈஎஸ்சி போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட்டேஜ் எகிறிக் குதிக்கும். அதை அடக்கும் வேலை ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர் தலையில் விழுந்து, அது சூடேறி வெடிக்கவும் செய்யும். வேறு வழியே இல்லையென்றால் ஈஎஸ்சிக்கு அருகில் லோ ஈஎஸ்ஆர் வகை கெப்பாசிட்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள்.

மோட்டார் வயர் மூன்றில் எதை எதனோடு சேர்ப்பது என்று கவலைப்பட வேண்டாம். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும். மின்சாரம் போகாத வயரில் எழும் வோல்ட்டேஜை வைத்துத்தான் மோட்டாரின் காந்தம் எங்கே இருக்கிறது என்று ஈஎஸ்சி கண்டுபிடிக்கிறது. ஒரு புல்லட் கனெக்டரில் பற்று விட்டிருந்தால் மோட்டார் சுற்றாமல் கடகடவென்று நடுங்கும். உடனே த்ராட்டிலை இறக்குங்கள். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சுற்றிவிடும் என்று தள்ளினால் மாஸ்ஃபெட் போய்விடும்.

ஈஎஸ்சியின் ஒரு பக்கத்தில் தட்டையான அலுமினியத் தகடு இருக்கும். அந்தப் பக்கம் காற்று படும்படி வையுங்கள். ஸ்பாஞ்சில் சுற்றி வைக்கவே கூடாது. காற்று உள்ளே வர ஓட்டை போட்டவர்கள் வெளியே போக மறந்துவிடுகிறார்கள். வெளியேறும் வழி நுழையும் வழியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 40 டிகிரி வெயிலில் பறப்பவர்கள், கையேட்டில் இருக்கும் ஆம்பியர் நல்ல காற்றோட்டத்தில் மட்டுமே பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கி வந்த பின்

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் த்ராட்டிலின் எல்லையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குச்சியை முழுக்க மேலே வைத்து, பேட்டரியைச் செருகி, பீப் ஒலி வந்ததும் குச்சியை முழுக்கக் கீழே இறக்கினால் பெரும்பாலான ஈஎஸ்சிகள் கற்றுக்கொள்ளும். ஃபியூட்டாபா ட்ரான்ஸ்மிட்டர் என்றால் த்ராட்டில் சேனலை ரிவர்ஸில் போட வேண்டியிருக்கும். அடுத்த முறை செருகும்போது செல்லின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பீப் அடிக்கும்: 3எஸ்-க்கு மூன்று. இதை எண்ணும் பழக்கம் வேண்டும். தீர்ந்துபோன 4எஸ் ஏறக்குறைய 12.8 வோல்ட், நிறைந்த 3எஸ் 12.6. ஈஎஸ்சி இரண்டையும் குழப்பிக்கொண்டால் கட்ஆஃப் தவறான இடத்தில் வரும்.

பிரேக்கை மடங்கும் ப்ரொப்பெல்லர் உள்ள கிளைடருக்கு மட்டும் போடுங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம். கட்ஆஃபை ஒரேயடியாக நிறுத்துவதில் வைக்காமல், சக்தியைக் குறைப்பதில் வையுங்கள். மோட்டார் தளர்வதை உணர்ந்ததும் தரையிறங்கத் தொடங்க நேரம் கிடைக்கும். டைமிங்கை வந்த இடத்திலேயே, நடுவில், விடுங்கள். திடீரென்று த்ராட்டில் ஏற்றும்போது மோட்டார் கீச்சென்று கத்தித் தடுமாறினால் மட்டும் ஒரு படி ஏற்றிப் பாருங்கள். ஏற்றினால் ஆம்பியரும் ஏறும், மீட்டரை மறுபடி வைக்க வேண்டும்.

முதல் முறை பறக்கும்போது மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, தகட்டின் மேல் விரலை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காற்று வெளியேறும் ஓட்டையைப் பெரிதாக்குங்கள், அல்லது ப்ரொப்பெல்லரை ஓர் அளவு குறையுங்கள். எல்லாம் சரியென்றான பிறகு, ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதி, பேட்டரி, ப்ரொப்பெல்லர், மீட்டர் காட்டிய ஆம்பியர் நான்கையும் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ப்ரொப்பெல்லர் உடைந்து, பையில் கிடக்கும் வேறோர் அளவை மாட்டப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அந்தத் துண்டாக இருக்கட்டும்.